பீரங்கி இல்லாத கப்பல்

பறவைப் பீ ஏற்றிய கப்பலுக்குள் உட்கார்ந்து நீங்கள் மட்டன் பிரியாணி சாப்பிடுவீர்களா? மூஞ்சியைச் சுளிக்க வேண்டாம். துபாயில், தேராவில் தினமும் ஒரு கூட்டம் அதைத்தான் செய்கிறது. கிளம்பும்போது கப்பலோடு ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொள்கிறது. அவர்களுக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கப்பலைக் கட்டிய கும்பலில் நானும் ஒருத்தன்.

கட்டினோம் என்றால் கடலில் விடுகிற கப்பல் இல்லை. பிளைவுட், ஃபைபர், இரும்புச் சட்டம். ஓர் உணவகத்தின் முகப்பில் நீளவாக்கில் ஒட்டவைத்த பாதிக் கப்பல். நான் படித்தது மெரைன் என்ஜினியரிங். காலேஜில் சேரும்போது, வெள்ளைச் சட்டையும் தோளில் தங்கப் பட்டையுமாக ஒருத்தன் சிரிக்கிற படத்தைக் காட்டித்தான் சேர்த்தார்கள். படித்து முடித்து வெளியே வந்தால் என்னை ஏற்றிக்கொள்ள ஒரு கப்பலும் இல்லை. காயல்பட்டினத்தில் வேலையில்லாத பையன் அதிக நாள் தெருவில் நிற்க முடியாது. யாராவது ஒரு மாமா விசிட் விசா எடுத்து ஃபிளைட்டில் ஏற்றிவிடுவார். என்னையும் ஏற்றிவிட்டார். கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் உள் அலங்காரம் செய்யும் ஒரு கம்பெனியில் வந்து ஒட்டிக்கொண்டேன்.

அங்கே என் பாஸ் சென்னைக்காரர். விசிட்டிங் கார்டில் 'கிரியேட்டிவ் டைரக்டர்' என்று இருக்கும். அவர் கிரியேட் செய்து நான் பார்த்ததில்லை, டைரக்ட் செய்வது மட்டும் நிற்கவே நிற்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொன்னார்.

"ப்ரோ, இந்தக் கப்பல் ரெஸ்டாரன்ட் ஓப்பன் ஆகட்டும். கிளையண்ட் ஓகேன்னு கையெழுத்துப் போட்டாருன்னா, உனக்கு உடனே விசா அடிச்சிடலாம்."

"போடலைன்னா சார்?"

"போட வைக்கிறதுதான்பா உன் வேலை."

என் விசிட் விசா முடியப்போகிற நேரம். விசா அடித்தால் நான் துபாய்க்காரன். அடிக்காவிட்டால் திரும்பவும் அதே தெரு, அதே கேள்வி. உம்மா அதற்குள் ஊர் முழுக்க, மகன் கப்பல் கம்பெனியில் என்ஜினியராக இருக்கிறான் என்று சொல்லிவிட்டது. கப்பல் என்பது பொய்யில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

கிளையண்ட் ஒரு கீழக்கரை முதலாளி. மொபைல் கவர், சார்ஜர் மொத்த வியாபாரம் செய்து பெரிய ஆளானவர். மசாலா சந்தைக்குப் பின்னால் மாடியில் ஆபீஸ். மூடிப்போன ஏதோ ஓட்டலின் சாமான்களை விற்றபோது அவர் ஒரு பழைய போட்டோவைச் சட்டத்தோடு வாங்கியிருந்தார். மூன்று பாய்மரம், கறுப்பு உடம்பு, உடம்பு நெடுக ஒரு வெள்ளைப் பட்டை, பட்டையில் வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள். அடியில் பொடி எழுத்தில் கப்பலின் பெயரும், கட்டிய ஊராகக் கிளாஸ்கோவும் இருந்தன. பெயர் உங்களுக்கு எதற்கு? ஏதோ ஒரு ஸ்காட்லாந்துக் கப்பல் முதலாளியின் பெண்டாட்டி பெயராக இருக்கும்.

முதலாளி அந்தக் கட்டங்களில் விரல் வைத்துக் காட்டினார். "பாத்தீங்களா? ஒண்ணொண்ணும் பீரங்கி ஓட்ட. போர்க்கப்பலு! எனக்கு இப்படியே வேணும். பீரங்கி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கணும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க வரவில்லை. எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். "காக்கா, அது ஓட்ட இல்ல. பெயிண்ட்."

"என்னாது?"

"கறுப்பு பெயிண்ட். வெள்ளப் பட்டை அடிச்சு அதுமேல கறுப்புக் கட்டம் வரைஞ்சிருக்கான். இது சரக்குக் கப்பலு. பீரங்கியே கெடையாது."

"பீரங்கி இல்லாதவன் என்னாத்துக்கு பீரங்கி ஓட்டய வரையிறான்?"

"தூரத்துல இருந்து பாக்குற கொள்ளைக்காரன் போர்க்கப்பல்னு நெனச்சு ஓடட்டும்னுதான். பொறவு கொள்ளைக்காரன் ஒழிஞ்சிட்டான், பெயிண்ட் மட்டும் நின்னுபோச்சு. பாக்க கெத்தா இருக்குன்னு எல்லாவனும் அடிச்சான்."

முதலாளி போட்டோவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பிக்கு எந்த ஊரு?"

"காயல்."

"அதான பாத்தேன். காயல்காரனுக்கு வாயி மட்டும் போர்க்கப்பலு."

பாஸ் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். "பாய், பையன் டெக்னிக்கலா பேசுறான், அவ்ளோதான். பீரங்கி வச்சிடலாம். நல்லா பெருசாவே வச்சிடலாம்."

இதுதான் அந்த மனுஷனின் திறமை. கிளையண்ட் ஒட்டகத்துக்கு இறக்கை கேட்டால், எத்தனை ஜோடி என்று கேட்பார்.

உணவகத்தின் சுவரில் மாட்ட, கப்பலின் கதையைப் பலகையில் எழுதும் வேலை எனக்கு வந்தது. ரூமில் கட்டிலில் படுத்தபடி போனில் தோண்டினேன். பாய்மரக் கப்பல்களுக்கென்று இன்டர்நெட்டில் ஒரு ரசிகர் மன்றமே இருக்கிறது. கப்பலை 'அவள்' என்று சொல்லி உருகுகிறார்கள், அவள் அன்னம்போல் மிதந்தாளாம். பழைய பேப்பர்களில் வந்த துறைமுகச் செய்திகளைக் கோத்துப் பார்த்தால், அன்னம் சுமந்தது முழுக்க மூட்டை.

போகும்போது நிலக்கரி. இல்லாவிட்டால் ரயில் தண்டவாளம், உப்பு. வரும்போது கல்கத்தாவில் சணல், ரங்கூனில் அரிசி. நிலக்கரி ஈரமாக ஏறினால் நடுக்கடலில் தானாகவே புகைய ஆரம்பிக்கும். அரிசிக்குள் கடல் தண்ணீர் புகுந்தால் ஊதிப் பெருத்துக் கப்பலையே பிளக்கப் பார்க்கும். சணலுக்கும் தானாகத் தீப்பிடிக்கும் குணம் உண்டு. இப்படி எதை ஏற்றினாலும் அது உங்களைக் கொல்லப் பார்க்கிற தொழில். நேவிகேஷன் கற்க வந்த பெரிய வீட்டுப் பையன்கள் தளம் கழுவினார்கள். உப்புக்கண்டமும், தட்டினால் புழு விழுகிற பிஸ்கட்டும்தான் சாப்பாடு. காற்று நின்றுவிட்டால் கப்பலும் நின்றுவிடும். கேப்டன் உட்பட எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அப்புறம் அந்தப் பறவைப் பீ. தென் அமெரிக்கப் பக்கம் ஏதோ மொட்டைத் தீவுகளில் கடல் பறவைகள் காலங்காலமாகப் போட்டுவைத்த எச்சம் மலைபோல் கிடந்ததாம். ஐரோப்பாவில் அது உரம். அதை வெட்டிக் கப்பலுக்குள் கொட்டும்போது கிளம்புகிற தூசியில் கண் எரியும், மூக்கில் ரத்தம் வரும். மாலுமிகள் நாற்றம் தாங்காமல் பாய்மரத்தில் ஏறி உச்சியில் உட்கார்ந்துகொள்வார்களாம். இதில் எந்த இடத்தில் அன்னம் மிதக்கிறது என்று அந்த ரசிகர் மன்றம்தான் சொல்ல வேண்டும்.

மாலுமிக்குச் சம்பளம் பயணம் முடிந்துதான். நடுவில் ஏதாவது துறைமுகத்தில் இறங்கி ஓடிப்போனால் அதுவரை சேர்ந்ததும் போச்சு. இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். வேலையை விட்டு ஓடிப்போகிற 'அப்ஸ்காண்டிங்' என்றால் என்ன என்று இங்கே எந்த லேபர் கேம்ப்பிலும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு பயணச் செய்தி மட்டும் என்னை எழுந்து உட்கார வைத்தது. மெட்ராஸில் இருந்து மொரீசியஸுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போயிருக்கிறது. ஆண், பெண், பிள்ளைகள். சரக்கு வைக்கிற தட்டில் பலகை அடித்துப் படுக்கவைத்தார்கள். அங்கே ஆட்களை இறக்கிவிட்டுப் பலகையைப் பிடுங்கிப் போட்டு, அதே இடத்தில் சர்க்கரை மூட்டையை அடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. பெயர் எதுவும் செய்தியில் இல்லை. 'கூலிகள்' என்று ஒரு சொல், பக்கத்தில் தலைக்கணக்கு, அவ்வளவுதான்.

நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு இந்தக் கப்பலுக்குச் சரக்குக் கூலி குறைந்தது. ஆட்செலவைக் குறைக்க ஒரு பாய்மரத்தின் குறுக்குக் கட்டைகளைக் கழற்றினார்கள். அப்புறம் நார்வேக்காரன் யாரோ வாங்கி மரம் ஏற்றினான். கடைசியில் பாய்மரங்களை அறுத்துப் போட்டு, ஒரு துறைமுகத்தில் கட்டிவைத்து, நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி கொடுக்கும் மிதக்கிற குடோனாக வைத்திருந்தார்கள். தன் பிழைப்பைக் கெடுத்தவனுக்கே விறகு எடுத்துக் கொடுக்கிற வேலை. பிறகு உடைத்து இரும்பு விலைக்குப் போட்டாயிற்று. இந்த வாழ்க்கையில் வளைகுடாப் பக்கம் அது எட்டிப் பார்த்ததாக நான் தேடிய எதிலும் இல்லை.

இதையெல்லாம் சுருக்கி எழுதி முதலாளி ஆபீஸில் வாசித்தேன். பாஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ரசிக்கிறார் என்று நினைத்தேன், தூங்கியிருக்கிறார். முதலாளி கடைசிவரை கேட்டார்.

"தம்பி, ஓட்டல்ல மாட்டுற போர்டுல பீன்னு எழுதுவியா?"

"எச்சம்னு மாத்திரலாம் காக்கா."

"கூலிக் கப்பல்னு போட்டா எவன் குடும்பத்தோட வந்து உக்காருவான்?"

"உண்மை அதுதான காக்கா. நம்ம ஆளுகளதான் ஏத்திட்டுப் போயிருக்கான்."

"இங்க நம்ம ஆளுக எல்லாம் என்ன, மாப்பிள்ள விருந்துக்கா வந்துருக்கான்? எல்லாரும் கூலிக்குத்தான் வந்துருக்கோம். நானும் அப்புடித்தான் வந்தேன். திங்கிற நேரத்துலயாச்சும் அத மறந்துட்டுத் திங்கட்டும்."

பாஸ் கண்ணைத் திறந்து, "சூப்பர் பாய்ண்ட் பாய்" என்றார். எந்த பாய்ண்ட் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார்.

வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு விசா வேணுமா, மொரீசியஸ் வேணுமா?"

பத்து நிமிடத்தில் போனிலேயே புதுக் கதை தட்டினேன். கடற்கொள்ளையரை அடித்து விரட்டிய வீரக் கப்பல், வளைகுடாவின் முத்துகளை உலகத்துக்குச் சுமந்த கப்பல், தேராவின் தோழி. அசிங்கமாக இருந்தது. பாஸ், "இதான்பா ரைட்டிங்" என்றார். முதலாளிக்கு 'தோழி' மட்டும் பிடிக்கவில்லை, 'தோழன்' என்று மாற்றச் சொன்னார். கிளாஸ்கோவில் பெண்ணாகப் பிறந்த கப்பல் தேராவில் ஆணானது.

கப்பல் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் துண்டு துண்டாகத் தயாரானது. கட்டங்கள் இருந்த இடமெல்லாம் அறுத்து ஓட்டை போட்டார்கள். ஃபைபரில் பீரங்கி வார்த்து மைக்கறுப்பு அடித்தார்கள். ஒவ்வொன்றின் வாயிலும் பூனை குட்டி போடலாம், அவ்வளவு அகலம். திறப்பு விழா வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு என்று முடிவானது. அதற்கு முதல் நாள் லாரியில் கொண்டுவந்து முகப்பில் பூட்டினோம். ஃபோர்மேன் ஒரு பஞ்சாபி. "ஜல்தி பாய், ஜல்தி" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வந்து அதுவரை நான் கேட்டதில்லை. மத்தியானம் கடைசி பீரங்கியும் ஏறியது. பாஸ் தெரு நடுவில் நின்று வீடியோ எடுத்தார், கப்பலைப் பாதி, தன்னைப் பாதி.

எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று அதுவரை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாஸின் வரைபடத்தில் உணவகத்தின் முகப்பு மட்டும்தான் உண்டு. தெருவின் அந்தப் பக்கம் வெறும் வெள்ளைத் தாள். நிஜத்தில் அந்தப் பக்கம் பள்ளிவாசல்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். முதல் வரிசையில் நம் முதலாளி. குனிந்து செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். அத்தனை பீரங்கியும் நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவரையும், அவருக்குப் பின்னால் இருந்த பள்ளிவாசல் வாசலையும்.

ஒரு செருப்பு காலில், ஒன்று கையில், அப்படியே நின்றுவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். அவர்களில் ஓர் அரபிப் பெரியவர் மெதுவாகப் படியிறங்கி வந்தார்.

"ஷூ ஹாதா?" இது என்ன என்று கேட்கிறார்.

"டெகரேஷன், டெகரேஷன்! மாஃபி முஷ்கில்!" என்றார் முதலாளி. பிரச்சினை ஒன்றும் இல்லையாம். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

பெரியவர் கைத்தடியால் பீரங்கியைக் காட்டினார். அப்புறம் திரும்பிப் பள்ளிவாசலைக் காட்டினார். தன் காரில் ஏறிப் போய்விட்டார். கத்தியிருந்தால்கூட முதலாளி தாங்கியிருப்பார்.

தெருவைக் கடந்து எங்களிடம் வந்தபோது அவர் முகம் வேர்த்துக் கொட்டியது. "எவன்டா இத வரைஞ்சது?"

கிரியேட்டிவ் டைரக்டர் என் தோளில் கை போட்டார். "பாய், கப்பல் ஸ்பெஷலிஸ்ட் இவன்தான் பாய். எல்லாம் இவன் குடுத்த இன்புட்."

"இவனா? இவன மொதல்ல ஊருக்கு அனுப்பு. அடுத்த ஃபிளைட்டுக்கு அனுப்பு!"

விசா போயிற்று. உம்மா முகம், தெரு, மாமா, எல்லாம் வரிசையாக வந்து நின்றது. பயத்தில் வாய் அடங்குகிற ஜாதி நான் இல்லை. பயந்தால் இன்னும் சத்தமாகத்தான் வரும்.

"காக்கா, நான் எங்க வரைஞ்சேன்? அன்னைக்கே சொன்னேன்லா, பீரங்கியே கெடையாது, வெறும் பெயிண்டுன்னு! நீங்கதான் வாயி போர்க்கப்பலுன்னு கேலி பண்ணுனீங்க!"

பாஸ் குறுக்கே விழுந்தார். "பாய், ஒரு ஐடியா. இஃப்தார் பீரங்கின்னு சொல்லிடலாமா? ரமலான்ல நோன்பு திறக்க வெடிப்பாங்கல்ல?"

"இஃப்தார் பீரங்கிய பள்ளிவாசல் மூஞ்சிக்கு நேரா திருப்பி வச்சா வெடிக்கிறானுவ? நீ கொஞ்ச நேரம் வாய மூடுய்யா!"

அந்த ஒரு காட்சிக்காகவே நான் துபாய் வந்திருக்கலாம். பாஸ் நிஜமாகவே வாயை மூடினார்.

முதலாளி கப்பலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தப் பெயிண்ட் சங்கதி. அது உள்ளதா, இல்ல காயல் பீலாவா?"

போனை எடுத்து, அந்தக் காலத்துச் சரக்குக் கப்பல் படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினேன். நிலக்கரிக் கப்பல், கோதுமைக் கப்பல், எல்லாவற்றிலும் அதே வெள்ளைப் பட்டை, அதே பொய்க் கட்டம்.

"அம்புட்டுப் பயலும் டூப்பு விட்டுருக்கான்" என்றார். கொஞ்சம் உயிர் வந்த மாதிரி இருந்தது. "அப்ப கழட்டு. ஓட்டய அட. கட்டம் போடு. நாளைக்கு ஜும்ஆவுக்கு ஆளு வரையில ஒரு பீரங்கி என் கண்ணுல படக்கூடாது."

கார்பென்டர்கள் பீரங்கியைக் கழற்றிப் பிளைவுட்டால் ஓட்டைகளை அடைத்தார்கள். பெயிண்டர்களைத் தேடினால், எல்லாரும் அபுதாபி சைட்டில். ஃபோர்மேன் என் கையில் பிரஷைத் திணித்தார். "தூ இன்ஜினியர் ஹை நா? சல், மார்!" நீ இன்ஜினியர்தானே, அடி என்கிறார்.

சாரத்தில் ஏறினேன். வெள்ளைப் பட்டையை ரோலரால் ஓட்டி, மாஸ்கிங் டேப் ஒட்டி, கட்டம் கட்டமாகக் கறுப்பு அடித்தேன். மே மாசப் புழுக்கம், மேலே விசிறி கிடையாது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கிட்டே பார்த்தால் கண்றாவி, ஓரமெல்லாம் ஒழுகியிருந்தது. இறங்கித் தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தால், சொல்லக்கூடாது, அட்டகாசம். பக்கத்துக் கடையில் இருந்து சாயா கிளாஸோடு வந்த ஒரு பாகிஸ்தானி அண்ணாந்து பார்த்துவிட்டு, உள்ளே எத்தனை பீரங்கி வைத்திருக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டான். இத்தனை காலம் கழித்தும் அந்த டுபாக்கூர் வேலை செய்கிறது. அதைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரனுக்கு முதல்முறையாக ஒரு சலாம் வைத்தேன்.

மறுநாள் ஜும்ஆ முடிந்து வந்த கூட்டம் அப்படியே எதிரே வந்து உட்கார்ந்தது. பாஸ் கோட் போட்டுக்கொண்டு வந்து எல்லாரிடமும் விளக்கினார். "ஒரிஜினல் கப்பல்ல பீரங்கியே கிடையாது சார், பெயிண்டட் கன் போர்ட்ஸ், வரைஞ்ச ஓட்டைதான். நாங்க ஆத்தென்டிசிட்டில காம்ப்ரமைஸ் பண்றதே இல்ல." பக்கத்துச் சுவரில், கொள்ளையரைப் பீரங்கியால் விரட்டிய கதை பெரிய எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தருக்கும் உறுத்தவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது.

முதலாளி கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு பாஸிடம், "இந்த வாயாடிப் பயல அனுப்பிராத" என்றார். எனக்கு அது போதும் என்று இருந்தது.

அடுத்த வாரம் கம்பெனியில் விசா வேலை பார்ப்பவர் கூப்பிட்டார். நாகர்கோவில்காரர், சிரிக்கவே மாட்டார்.

"இன்ஜினியர் விசா கோட்டா மாஃபி, இல்ல. உனக்க டிகிரியும் அட்டஸ்ட் பண்ணல்ல. காலியா கெடக்கது ஒண்ணே ஒண்ணுதான்."

"அண்ணே, நான் மெரைன் என்ஜினியரு."

"கலாஸ், போதும், தெரியும். ஊருக்குப் போறியா, இதுல போடட்டா?"

போடச் சொன்னேன். என் விசாவில் இப்போது தொழில்: பெயிண்டர்.